மருந்து டின்னில் குடிதண்ணீரா?

தோட்டப்புறத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. காய்ச்சலுக்கு டிரெஸ்ஸர் கொடுப்பதும் மருந்து. லாலான் புல்லைக் கருக்க முதுகில் பம்பு கட்டி அடிப்பதும் மருந்து. முதலாவது உயிரைக் காக்கும், இரண்டாவது விஷம். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்து வைத்தே நம் மக்களுக்கு அதன் மேலிருந்த பயம் போய்விட்டது. மலாய்க்காரர்கள் அதை 'ராச்சுன்' என்றுதான் சொல்கிறார்கள். ராச்சுன் என்றால் விஷம். நாமும் விஷம் என்றே சொல்லிப் பழகியிருந்தால், அந்த டின்னைக் கழுவி அடுப்படியில் வைக்கக் கை வந்திருக்குமா?

வீட்டு விஷயத்தைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதுவதென்றால், "சீனியைக் குறையுங்கள், பிளாஸ்டிக் பையை விடுங்கள்" என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம். அதையும் சொல்வோம், கடைசியில். முதலில் சொல்ல வேண்டியது வேறு. தோட்டத்து வீட்டுக்குள் நம் ஆட்களே தினமும் தூக்கிக் கொண்டு வரும் விஷத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

சங்க வேலையாகப் போகிற இடங்களில் எல்லாம் நாம் லயத்தின் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது வழக்கம். கூட்டத்தில் சொல்லாததை எல்லாம் பின்பக்கம் சொல்லிவிடும். பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டம். பேர் வேண்டாம். பின்வாசலில் வெள்ளை நிறத்தில் 20 லிட்டர் டின்கள் நாலு, வரிசையாக, மூடி போட்டு. தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள். மேலே லேபிள் கிழித்த தடம் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கார அம்மாள் மருந்து அடிக்கும் கும்பலில் வேலை.

"என்னாக்கா, இது மருந்து டின்னுதானே?" என்று கேட்டோம்.

"ஆமா தம்பி. நாலு தடவ சோப்புப் போட்டு, சுடுதண்ணி ஊத்திக் கழுவியாச்சு. வாடையே இல்ல, மோந்து பாருங்க."

"குடிக்கவுமா?"

"சேச்சே, குடிக்க இல்ல. சோறு வடிக்க, பாத்திரம் கழுவ, பிள்ளைங்க குளிக்க."

சோறு வடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகாதாம்! சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த அக்காள் கெட்டிக்காரி, வீட்டைப் பளிச்சென்று வைத்திருக்கிறார். கழுவினால் போய்விடும் என்று நம்புகிறார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில்தான் கோளாறு.

இந்த டின்கள் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தவை. உள்ளே மாதக்கணக்கில் கிடக்கிற மருந்து பிளாஸ்டிக்கின் உடம்புக்குள் கொஞ்சம் ஊறிவிடும். நீங்கள் கழுவுவது மேல்தோலை மட்டும்தான். உள்ளே ஊறியது பிறகு மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கும். வாடை இல்லை என்பதால் விஷம் இல்லை என்று ஆகாது. மூன்று தடவை அலசினாலும் முப்பது தடவை அலசினாலும் அந்த டின் சாப்பாட்டுக்கோ தண்ணீருக்கோ ஆகாது. மாட்டுக்குத் தண்ணி காட்டவும் ஆகாது. நெய், உப்பு, அரிசி எதுவும் போடக் கூடாது.

மூன்று தடவை அலச வேண்டும் என்று சொல்வது வேறு காரியத்துக்கு. மருந்து தீர்ந்ததும் வயலிலேயே டின்னில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைப் பம்புக்குள்ளேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னை யாரும் வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார்கள். பழைய சாமான்காரரும் நாலு காசு கொடுத்து வாங்க மாட்டார். ஓட்டை போடாமல் விடுகிற மண்டோரைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

'கிரமக்சோன்' என்ற பேரை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாராகுவாட் என்ற விஷத்தின் வியாபாரப் பெயர் அது. நீலப்பச்சைச் சாயம் கலந்து, மூக்கைத் துளைக்கும் நாற்றம் சேர்த்து, வாந்தி வருவதற்கும் ஒன்றைச் சேர்த்து விற்றார்கள். யாரும் தேத்தண்ணி என்று நினைத்துக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. அப்படியும் எத்தனை சாவு! தண்ணீர் கலக்காத மருந்து ஒரு மடக்கு உள்ளே போனால் போதும். முறிவு மருந்து என்று ஒன்று கிடையாது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, மூச்சுக்குத் தவித்துச் சாக வேண்டியதுதான். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்ததைப் பிள்ளைகள் எடுத்த கதை எந்தத் தோட்டத்தில் இல்லை?

அதைத் தடை செய்வதாக அரசாங்கம் 2002இல் அறிவித்தது. அந்த வருடம்தான் அய்ரின் பெர்னாண்டசின் 'தெனாகானித்தா' அமைப்பும், பினாங்கிலுள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து மருந்து அடிக்கும் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டன. மூக்கில் ரத்தம், நகம் கறுத்து விழுவது, கண் எரிச்சல், தோல் வெந்து போவது எல்லாம் அந்த அறிக்கையில் இருந்தது. ஆனால் 2006இல் தடையைத் தளர்த்திவிட்டார்கள். மறுபடியும் போராட்டம். கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. முதல் அறிவிப்பு வந்ததற்கும் முழுத் தடை வந்ததற்கும் நடுவில் 17 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அந்தப் பதினேழு வருடமும் பம்பு யார் முதுகில் இருந்தது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

யார் வீட்டிலாவது பழைய போத்தல் மூலையில் கிடந்தால் கால்வாயில் கொட்டாதீர்கள், புதைக்காதீர்கள். விவசாய இலாகாவிடம் சொல்லி ஒப்படைத்து விடுங்கள்.

இப்போது அடிப்பது பெரும்பாலும் கிளைபோசேட். அது பாராகுவாட் போல ஒரு மடக்கில் ஆளைக் கொல்வதில்லை. அதனால் 'இது லேசு மருந்து' என்ற பேச்சு பரவியிருக்கிறது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது என்ற பட்டியலில் சேர்த்தது. பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாக்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. படித்தவர்களின் வாதம் நடக்கட்டும். தீர்ப்பு வரும் வரைக்கும் அது நம் பிள்ளையின் தலையணையில் இருக்க வேண்டாம் என்பதுதான் நம் கட்சி.

தலையணைக்கு எப்படி வருகிறது? சட்டையிலும் சிலுவாரிலும் வருகிறது. மத்தியானம் வேலை முடிந்து வருகிற அம்மாவைப் பார்த்ததும் ஆயக்கொட்டகைப் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக் கொள்கிறது. அம்மாவும் தூக்கி இடுப்பில் வைத்துக் கொள்கிறாள். எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும், 'எட்டி நில்லு' என்று சொல்ல? அதனால்தான் ஸ்டோருக்குப் பக்கத்திலேயே குளிக்க இடமும், மாற்றுத் துணி வைக்கப் பெட்டியும் வேண்டும் என்று கேட்கிறோம். அது கிடைக்கும் வரை, பூட்ஸை வாசலுக்கு வெளியே கழற்றி, பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுக்கிற தாயும் பம்பைத் தொடவே கூடாது. வேறு வேலை கேளுங்கள். கொடுக்க மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

மருந்துத் துணியை வீட்டுத் துணியோடு ஊற வைக்காதீர்கள். அன்றைக்கே, தனி வாளியில், கையுறை போட்டு முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். மெஷின் இருக்கிற வீட்டில், அந்தத் துணி போட்ட பிறகு ஒரு தடவை துணியில்லாமல் சோப்புத் தண்ணீர் மட்டும் ஓட விட வேண்டும். துவைத்த தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகக் கூடாது. கலக்காத மருந்தே துணியில் கொட்டி நனைந்துவிட்டதா? துவைக்கவே வேண்டாம், பையில் கட்டி ஸ்டோரில் கொடுத்து வேறு துணி கேளுங்கள்.

கீரைப் பாத்தி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மிளகாய்ச் செடிக்கும் பாகல் கொடிக்கும் வேரில் 'ஃபுராடான்' குருணை போடும் பழக்கம் நம்மிடம் இருந்தது. ஒரு சிட்டிகை போட்டால் பூச்சி செத்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த விஷம் வேர் வழியாக ஏறிச் செடி முழுக்கப் பரவும். காயைக் கழுவி என்ன பயன்? 2023 மே முதல் அதற்கும் தடை வந்துவிட்டது. நம் ஆயாமார்கள் சாம்பல் தூவியும், வேப்பிலை ஊறிய தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கலந்து தெளித்தும் பூச்சியை விரட்டினார்கள். எல்லாப் பூச்சியும் போகாது. நாலு ஓட்டை விழுந்த கீரையை ஆய்ந்து சமைப்பதில் ஒன்றும் குறைந்து போவதில்லை. முருங்கையும் பசலையும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும்போது, டவுனில் காசு கொடுத்து வாடிய காய்கறி வாங்குவானேன்? சமையல் கழிவை ஒரு குழியில் போட்டு மண் மூடி வந்தால் உரமும் ஆச்சு, குப்பையும் குறைஞ்சது.

மிச்சக் குப்பையைக் கொளுத்துகிறார்களே, அதுவும் நிற்க வேண்டும். திறந்த வெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். பிளாஸ்டிக் எரிகிற புகை லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைகிறது. மருந்து டின்னைக் கொளுத்துவது அதைவிட மோசம். குப்பை வண்டி வருவதில்லை என்றால் அது வீட்டுக்காரிகளின் குற்றம் அல்ல, நிர்வாகத்தின் குற்றம்.

கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான். மலேசியச் சுருள்களையும் சீனாச் சுருள்களையும் எரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கண்டார்கள். கதவைச் சாத்திக் கொண்டு பிள்ளையின் கட்டிலடியில் கொளுத்தி வைக்கிறோம்! தன் பிள்ளை பக்கத்தில் ஒருவன் ஒரு பெட்டி சிகரெட் பிடித்தால் சும்மா விடுவோமா? ராத்திரிக் கொசுவுக்கு வலை கட்டுங்கள். டிங்கிக் கொசு பகலில் கடிப்பது. அது தேங்கின தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்துவிடும். வாரம் ஒரு முறை தோம்பு, பூச்சட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் உள்பக்கம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் முட்டையோடு தீர்ந்தது.

சொன்னபடி சீனிக்கும் வருகிறோம். 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 18 பேருக்குச் சீனி வியாதி. இந்தியரிடையேதான் ஆக அதிகம். பால்டின் தேத்தண்ணி காலையில் ஒன்று, பசியாறும்போது ஒன்று, சாயங்காலம் இரண்டு என்றால் வேறு என்ன நடக்கும்? வெட்டுக்குப் போகும்போது வெறும் தேத்தண்ணியைப் போத்தலில் கொண்டு போனவர்கள் நம் பெற்றோர். இப்போது கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குகிறோம். ஒரு எவர்சில்வர் பிளாஸ்க் வாங்கினால் பல வருடம் உழைக்கும்.

அந்தப் பேராக் அக்காள் கடைசியில் ஒன்று கேட்டார். "டின்னத் தூக்கிப் போட்டுர்றேன் தம்பி. ஆனா ரெண்டு நாளைக்கி ஒருக்காதான் பைப்புல தண்ணி வருது. எதுல பிடிச்சு வைக்க?"

நியாயமான கேள்வி. தோட்டத் தொழிலாளர் வீட்டுக்குப் போதுமான குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் சொல்கிறது. தண்ணீர் ஒழுங்காக வந்தால் டின் எதற்கு? அந்தத் தோட்டத்தில் மூடி போட்ட புதுத் தோம்பு வீட்டுக்கு ஒன்று கேட்டு எழுதினோம். தண்ணீர்க் குழாயைப் பற்றித் தொழிலாளர் இலாகாவுக்கும் தனியாக எழுதினோம். தோம்பு வந்துவிட்டது. குழாய் விஷயம் இன்னும் இழுத்துக் கொண்டிருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் தரப்பில் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பல தோட்டங்களில் அந்த ஆளுக்கே தான் குழுவில் இருப்பது தெரியாது! லேபிளில் உள்ள நிறப்பட்டையைப் படிக்கத் தெரியாதவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியது அந்தக் குழுவின் வேலை: கறுப்பு ஆகக் கொடியது, அடுத்தது சிவப்பு, பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை. பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளிக்கும் காட்டுங்கள். அவர்களும் அதே டின்னில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், லேபிளோடு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: ஸ்டோர் பக்கத்தில் குளியலறை, எத்தனை டின் வெளியே போனது எத்தனை திரும்பியது என்று ஒரு கணக்குப் புத்தகம், வாரம் இரண்டு முறை குப்பை வண்டி. வாயால் கேட்க வேண்டாம். எழுதிக் கொடுத்து, கிராணியிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைச் சங்கக் கிளைக்கு அனுப்பிவிடுங்கள்.