கடைசியாகக் குதிக்க வேண்டியவர்

லெஸ்லி மான்சர் என்னும் இளம் விமானியைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் ஒரே வினாவைக் கேட்பார்கள்: “அவர் மட்டும் ஏன் குதிக்கவில்லை, ஐயா?” அதற்குரிய விடை விமானத்தின் இயக்கத்திலேயே இருக்கிறது.

மான்சர் 1922-இல் புதுதில்லியில் பிறந்த ஆங்கிலேயர். 1942 மே 30-ஆம் நாள் இரவு, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் கொலோன் நகரின்மீது குண்டு வீசப் புறப்பட்டன. அன்றிரவு அந்நகரில் நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதை மறைத்துவிட்டு வீரத்தை மட்டும் சொல்வது ஆசிரியருக்கு அழகன்று.

இருபதே வயதான மான்சர் ஓட்டியது ‘மான்செஸ்டர்’ வகை விமானம். அதற்கு யந்திரங்கள் இரண்டே; அவையும் அடிக்கடி பழுதாகும் இயல்பின. தேடுவிளக்குகளின் ஒளியில் அகப்பட்டும், அவர் 7,000 அடி உயரத்தில் குண்டுகளை வீசி முடித்தார். பீரங்கிகளுக்குத் தப்ப 1,000 அடிக்கும் கீழே தாழ்ந்து, மீண்டும் 2,000 அடிக்கு ஏறினார். பின்புறத் துப்பாக்கி வீரர் காயமுற்றிருந்தார். அப்போது இடப்புற யந்திரம் தீப்பற்றியது. பத்து நிமிடம் கழித்தே தீ அடங்கிற்று. யந்திரம் ஓய்ந்துவிட்டது, இறக்கையில் ஒரு பகுதி எரிந்து போயிற்று.

அப்பொழுதே எல்லோரும் குதித்திருக்கலாம், உயிருடன் சிறைப்பட்டிருப்பர். விமானத்தையும் ஆட்களையும் தாய்நாடு சேர்க்கவே மான்சர் முயன்றார். அது சரியான முடிவா என்று என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை.

பெல்ஜியத்தின் மேல் வந்தபோது இனி முடியாது என்பது தெளிவாயிற்று. குதிக்குமாறு ஆணையிட்டார். ஒருபக்க யந்திரம் மட்டும் இழுக்கும்போது, விமானம் ஓய்ந்த பக்கமாகத் திரும்பிச் சாயும். கையாலும் காலாலும் ஒருவர் எதிர்த்துப் பிடித்தாலொழிய அது நேராக நில்லாது. வேகமும் குன்றிவிட்டால், பிடியை விட்ட கணமே புரண்டு வீழும். வாயிலை நோக்கி நடப்பவர்கூடத் தப்ப இயலாது. சார்ஜண்ட் ஒருவர் மான்சரிடம் பாராசூட்டை நீட்டினார். அதை வேண்டாமென விலக்கி, “இன்னும் சில வினாடிகளே தாங்கும், உடனே குதி” என்னும் பொருள்படக் கூறினார். இறங்கிக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே விமானம் பிரே என்னும் ஊரருகே விழுந்து எரிந்தது.

அறுவரும் பிழைத்தனர். ஒருவர் சிறைப்பட்டார். மற்ற ஐவரும் பெல்ஜிய மக்களின் துணையால் மறைந்து மறைந்து இங்கிலாந்தை அடைந்தனர். அவர்கள் அளித்த சாட்சியத்தின் பேரில், 1942 அக்டோபரில் மான்சருக்கு மறைவுக்குப் பின் ‘விக்டோரியா கிராஸ்’ வழங்கப்பட்டது.