பாத்தியிலுள்ள தேரை

பதுளை வயல்வரம்பிலும் வெலிமடை மரக்கறிப் பாத்தியிலும் இரவிற் பூச்சி பிடித்துண்ணும் சொறித்தேரையைக் கமக்காரர் அனைவரும் அறிவர். ஆசியாவிற் பரந்து வாழும் அஃது ஒரே இனமென்றே எண்ணப்பட்டது. 2016 இல் வெளியான பரம்பரையலகு ஆராய்ச்சியோ, ஆசியப் பெருநிலம், மியன்மார்க் கரையோரம், சுமாத்திரா–யாவாத் தீவுகள் என நெடுங்காலமாகப் பிரிந்துள்ள மூன்று மரபுவழிகளைக் காட்டிற்று. கண்ணாற் பார்த்து அவற்றைப் பிரித்தறிதல் அரிது. நம் நாட்டு மரத்தவளைகளிலும் இவ்வாறே. 18 இனமென்றிருந்தவை, உடலமைப்பையும் பரம்பரையலகையும் ஆராய்ந்தபின், நூற்றுக்கு மேற்பட்டவை என 2002 இல் அறிவிக்கப்பட்டன.

ஆதலின் ஓரிடத்துத் தேரை மடிந்தால் வேற்றிடத்துத் தேரை அதற்கு ஈடாகுமெனக் கூறவியலாது. சாக்கிலிட்டுக் கொணர்ந்து விடுதலும் தகாது. உள்ள தேரையைக் காப்பதே எளிது. தேங்கிய நீரிலும் வாய்க்காலோரத்திலும் கறுத்த மணிகள் கோத்த நூல்போற் கிடப்பவை அதன் முட்டைகள். அந்நீரில் மருந்துத் தெளிகருவியைக் கழுவாதீர்கள்.