இடைக்கால வாடகை ஒப்பந்தம்

இடைக்கால வாடகை ஒப்பந்தம் என்பது, ஒரு வீட்டைச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு உட்பட்ட காலத்துக்கு வாடகைக்கு விடும்போது உரிமையாளரும் வாடகைதாரரும் செய்துகொள்ளும் எழுத்து உடன்படிக்கை ஆகும். பெருந்தொகை ஒன்றைப் பெற்றுக்கொண்டு மாத வாடகையின்றி வீட்டை விடும் போக்கியம் இதிலிருந்து வேறுபட்டது. சென்னை வட்டாரப் பேச்சுவழக்கில் போக்கியமும் "லீசு" எனப்படுவதால் இவ்விரண்டும் குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு.

பின்னணி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இத்தகைய வாடகைக்குத் தேவை மிகுதி. இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் ஹூண்டாய் நிறுவனமும், ஒரகடத்தில் 2010 இல் ரெனோ–நிசான் நிறுவனமும் தானுந்து உற்பத்தியைத் தொடங்கின. பயிற்சியாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், பொறியாளர்கள் எனக் குறுகிய காலம் தங்குவோர் சேரப்பணஞ்சேரி போன்ற சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் வீடு தேடுகின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க விடுதி 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது.

வாடகைதாரரைத் தேர்ந்தெடுத்தல்

உரிமையாளர் பொதுவாக மூன்றைச் சரிபார்க்கிறார்: அடையாளம், வருமானம், தங்கும் காலம். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார், பணி ஆணை, ஊதியச் சீட்டு ஆகியவை இதற்குப் பயன்படும். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் அதனை 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

தொழிலாளர் பலர் சேர்ந்து தங்கும்போது, அல்லது ஒப்பந்தக்காரர் ஒருவர் அவர்களுக்காக வீடு எடுக்கும்போது, வாடகைதாரர் யார் என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத தொழிலாளி தாம் தந்த முன்பணத்தைத் திரும்பக் கேட்பது கடினம்.

பதினொரு மாத வழக்கம்

பதிவுச் சட்டம், 1908 இன்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணத்தைச் சார்பதிவாளரிடம் பதிவுசெய்தல் கட்டாயம். இதனைத் தவிர்க்கவே பதினொரு மாத ஒப்பந்தம் வழக்கமாயிற்று. எனினும் 22 பெப்ரவரி 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017, 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. புதிய சட்டத்தின்படி, காலம் எவ்வளவு குறைவாயினும் ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யப்பட வேண்டும். எனவே பதினொரு மாதம் என எழுதுவதால் இப்பதிவிலிருந்து விலக்குக் கிடைப்பதில்லை. நிறுவனம் தனக்குச் சொந்தமான கட்டடத்தைப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் ஊழியருக்கு வாடகைக்கு விட்டால் இச்சட்டம் பொருந்தாது.

ஒப்பந்தத்தின் முக்கிய கூறுகள்

* முன்பணம்: வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது. வீட்டைக் காலிசெய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, திருப்பித் தரப்பட வேண்டும்.
* உள்வாடகை: உரிமையாளரின் எழுத்து உடன்பாடு இன்றி விடலாகாது.
* வாடகை நிலுவை: இரண்டு மாத நிலுவை வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம். அப்போதும் வாடகை நீதிமன்றத்தையே அணுக வேண்டும். குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டித்தல் கூடாது.
* பொருட்பட்டியல்: கட்டில், மின்விசிறி போன்றவற்றின் எண்ணிக்கையும் நிலையும்.
* மின்மானி அளவு: மின்கட்டணக் கணக்கு குடிபுகும் நாளோடு பொருந்தி வராது. ஆகவே குடிபுகும் நாளிலும் வெளியேறும் நாளிலும் அளவைக் குறித்து இருவரும் கையொப்பமிடுவது பிணக்கைத் தவிர்க்கும்.

இவற்றையும் பார்க்க

* குத்தகை
* போக்கியம்
* ஒரகடம்