சாவி யார் கையில்?

சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் புறநகரில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தேன். ஊருக்குச் சென்றுவிட்டு ஒரு மாலையில் திரும்பியபோது வாசற்கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே பீரோ மட்டும் திறந்து கிடந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை, நாதாங்கி பெயர்க்கப்படவில்லை. விசாரிக்க வந்த காவலர் முதலில் கேட்டது இதைத்தான்: "உங்களுக்கு முன்பு குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவிகள் இருந்தன?" எனக்குத் தெரியவில்லை. வீட்டு உரிமையாளருக்கும் தெரியவில்லை. என் மனைவியின் நகைகள் இன்றுவரை கிடைக்கவில்லை.

"பூட்டு உங்கள் பொறுப்புதானே சார்?" என்றார் உரிமையாளர். அன்று எனக்குக் கோபம் வந்தது. பின்னர் சட்டத்தைப் படித்தபோது, அவர் சொன்னது பாதி சரி என்று புரிந்தது. மீதிப் பாதியைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் 2017-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பழுதுபார்க்கும் பணிகளை இருவருக்கும் பங்கிட்டுத் தருகிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள், மின் கம்பித் தடங்கள், கதவு, ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல் ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. கதவு, அலமாரி, ஜன்னல்களின் பூட்டு, கைப்பிடி, கண்ணாடி ஆகியவற்றை மாற்றுவது வாடகைதாரரைச் சேர்ந்தது. எனவே பூட்டு தேய்ந்தால் செலவு நம்முடையது. பூட்டைத் தாங்கும் மரநிலையைக் கரையான் அரித்துவிட்டால், அதைச் சரிசெய்து தரவேண்டியவர் உரிமையாளர்.

ஆனால், பழைய சாவிகளின் கணக்கை யார் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஒரு வெளிச்சம் தருகிறது. தனக்குத் தெரிந்த, சாதாரணக் கவனத்தில் வாடகைதாரரால் கண்டுபிடிக்க இயலாத முக்கியக் குறைபாட்டை உரிமையாளர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது அதன் 108-ஆவது பிரிவு. முன்பு குடியிருந்தவர் சாவியைத் திருப்பித் தராமலே சென்றுவிட்டார் என்று தெரிந்தும் அதை மறைத்துக் குடியமர்த்துவது, என் பார்வையில், அத்தகைய குறைபாட்டை மறைப்பதே.

ஒன்றிய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. குடிநீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு ஆகியவற்றோடு பாதுகாப்புச் சாதனங்களையும் இன்றியமையாச் சேவைகளின் பட்டியலில் அது சேர்த்திருக்கிறது. வாடகைத் தகராறைக் காரணம் காட்டி இவற்றை நிறுத்திவைக்கக் கூடாது. அதேபோல், வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் நுழைய உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே உள்ள விதி. அவரிடம் மாற்றுச் சாவி இருப்பது, விரும்பியபோது திறந்து வருவதற்கான அனுமதி ஆகாது.

நம் ஊரில் பாதுகாப்பு என்றாலே வாடகைதாரரைச் சந்தேகிப்பது என்றாகிவிட்டது. 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளைகளைத் தொடர்ந்து, வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐவர் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதன் பின்னர், குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் அளிக்குமாறு சென்னைக் காவல்துறை உரிமையாளர்களுக்கு உத்தரவிட்டது. அந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால், குடிவருபவர் யார் என்று விசாரிக்கும் நாம், அவர் குடிவரும் வீடு பாதுகாப்பானதா என்று விசாரிப்பதில்லை.

காப்பீடு கைகொடுக்கும் என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமையாளரின் கட்டடக் காப்பீடு, குடியிருப்பவரின் உடைமைகளுக்கு ஈடு தராது. வாடகைதாரர் தன் பொருள்களுக்குத் தனியே காப்பீடு எடுத்தாலும், பல பாலிசிகளில் பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் கேட்கப்படும். சாவி போட்டுத் திறந்த திருட்டில் அந்த அடையாளம் இருக்காது.

தீர்வு கடினமானதன்று. ஒவ்வொரு முறை குடிமாறும்போதும் வாசற்கதவின் பூட்டையோ அதன் உட்பகுதியையோ உரிமையாளர் தம் செலவில் மாற்றித் தரட்டும். ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். எத்தனை சாவிகள் கைமாறின, உரிமையாளரிடம் மாற்றுச் சாவி உண்டா, மாடிப்படி விளக்கும் வெளிக்கதவும் யார் பராமரிப்பில் உள்ளன என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். பழுதுகளை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதித் தெரிவிப்பது பின்னாளில் சான்றாகும்.

வாடகைதாரருக்கும் கடமை உண்டு. சொல்லாமல் கள்ளச்சாவி செய்துகொள்வதும், பொதுக் கதவைத் திறந்துபோட்டுச் செல்வதும் அடுத்த வீட்டாரின் பாதுகாப்பையும் குலைப்பவை.

அந்த வீட்டைக் காலி செய்த நாளில், என்னிடம் இருந்த மூன்று சாவிகளையும் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டு ஒப்படைத்து, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். "இதற்கெல்லாமா கையெழுத்து?" என்று சிரித்தார். எனக்கு முன்பு குடியிருந்தவரிடம் அவர் அப்படி ஒரு கையெழுத்தைக் கேட்டிருந்தால், அந்தக் காவலரின் கேள்விக்கு எங்களில் ஒருவராவது பதில் சொல்லியிருப்போம்.