மூன்று புள்ளிக்குள் போன குறிப்பு: ஆர்க் மோடில் பழுது தேடுவது எப்படி

ஆர்க் மோட் பத்தி முன்னாடி ஒரு எபிசோடில் பேசியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு நிறுவிப் பார்த்தவர்கள் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த வரி இதுதான்: "ஆர்க் மோட் வேலை செய்யல." அவ்வளவுதான் இருக்கும். என்ன செய்தார்கள், திரையில் என்ன வந்தது, ஒன்றும் இருக்காது. நான் குறை சொல்லவில்லை. நானும் இப்படி எழுதியவன்தான். அதனால் இன்றைக்கு ஒரே விஷயம் பேசலாம்: பழுது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்த பிறகு அதை எப்படிச் சொன்னால் நாலு பேருக்கு உதவும்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஈமேக்ஸ் என்பது பழைய, பெரிய டெக்ஸ்ட் எடிட்டர். ஆர்க் மோட் அதற்குள் ஓடும் நீட்சி. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் வானியல் ஆய்வாளராக இருந்த கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தன்னுடைய குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள எழுதியது. 2007இல் வந்த ஈமேக்ஸ் 22லிருந்து அது ஈமேக்ஸோடு சேர்ந்தே வருகிறது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் துணைத்தலைப்பு. தலைப்பில் நின்று டேப் தட்டினால் அதன் கீழே உள்ளதெல்லாம் மடங்கி, வரிக் கடைசியில் மூன்று புள்ளி மட்டும் நிற்கும். கோப்பு வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம்.

அப்பாவின் சர்க்கரைக் கணக்கு

என் அப்பாவின் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவு, மாத்திரை மாற்றம், எல்லாவற்றையும் ஒரு ஆர்க் கோப்பில் எழுதி வருகிறேன். ஒரு நாள் காலை, அதே கோப்பில் கிடந்த பழைய கடைச் சாமான் பட்டியல்களை நீக்கிக்கொண்டிருந்தேன். எல்லாத் தலைப்பும் மடங்கியிருந்தன. ஒவ்வொன்றாகக் கன்ட்ரோல் கே, கன்ட்ரோல் கே என்று அடித்துக்கொண்டே போனேன். கையோட்டத்தில் ஒரு அழுத்து கூடிப்போச்சு. சேமித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் முன்னால் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்கிறேன், சர்க்கரைக் கணக்கு இல்லை. தலைப்பு இல்லை, மூன்று புள்ளியும் இல்லை. இரண்டு மாதக் கணக்கு. புது மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று அதைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்து தேடினேன். ஈமேக்ஸ் ஒரு கோப்பைத் திறந்து முதல் தடவை சேமிக்கும்போது, அதற்கு முன்னிருந்த வடிவத்தைப் பக்கத்திலேயே பிரதி எடுத்து வைக்கும். கோப்புப் பெயரின் கடைசியில் அலைக்குறி இருக்கும். அது இருந்தது. ஆனால் நான் லேப்டாப்பை ஷட்டவுன் செய்வதில்லை, மூடி வைத்துத் திறப்பதோடு சரி. அந்தக் கோப்பு ஒன்பது நாளாக மூடாமல் திறந்தே கிடந்திருக்கிறது. ஆக, ஒன்பது நாள் பழைய பிரதிதான் கிடைத்தது. மிச்ச ஒன்பது நாள் போச்சு என்று உட்கார்ந்திருந்தபோது அப்பா சொன்னார்: "அதுக்கு ஏன்டா இப்படி இருக்கே? காலண்டர் தாளைக் கிழிச்சு நான் தூக்கிப் போடல. பின்னாடி எழுதி வெச்சிருக்கேன்." ஒன்பது தாளும் சட்டைப் பையில் இருந்தன.

கணக்கு திரும்பிவிட்டது. என் கோபம் போகவில்லை. "ஆர்க் மோட் என் குறிப்புகளை அழித்துவிட்டது" என்று ஒரு நீளமான புகார் எழுதினேன். நல்லவேளை, அனுப்பவில்லை. அனுப்புவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. இன்றைய எபிசோடே அந்தச் சோதனைதான்.

முதல் கேள்வி: பழுது என் வீட்டிலா?

ஈமேக்ஸ் பயன்படுத்தும் எல்லோரிடமும் ஒரு அமைப்புக் கோப்பு இருக்கும். அங்கே பார்த்தது, இங்கே கேட்டது என்று பல வருஷமாக ஒட்டியது. பழுது பெரும்பாலும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அதைச் சோதிக்கச் சுலபமான வழி, டெர்மினலில் ஈமேக்ஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு, மைனஸ், பெரிய எழுத்து க்யூ. இப்படித் திறந்தால் உங்கள் அமைப்பு எதையும் படிக்காமல் வெறும் ஈமேக்ஸ் வரும். அதில் ஐந்தே வரியில் ஒரு புதுக் கோப்பு எழுதி, பழுது வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் குற்றவாளி உங்கள் அமைப்புக் கோப்பில் இருக்கிறார்.

எந்த வரி என்று எப்படித் தெரியும்? பாதி பாதியாகப் பிரிக்க வேண்டும். என்னுடையது கிட்டத்தட்ட 200 வரி. பாதியைக் குறிப்புரையாக மாற்றி முடக்கிவிட்டு, ஈமேக்ஸை மூடித் திறக்கிறோம். பழுது வருகிறதா? அப்படியென்றால் மிச்சப் பாதியில் இருக்கிறது. மறுபடியும் அதில் பாதி. 200, 100, 50 என்று குறைந்து, எட்டு சுற்றில் ஒரே வரிக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் 200 தடவை மூடித் திறக்கணும்.

இந்த முறையில் நான் பிடித்த ஒரு பழுதைச் சொல்கிறேன். ஒரு நாள் திடீரென்று என் நிகழ்ச்சி நிரல் பக்கம் திறக்க மறுத்தது. "செல்லாத செயற்கூறு" என்ற பொருளில் ஏதோ ஒரு பிழைச்செய்தி. எட்டு சுற்று பிரித்துப் பார்த்ததில் ஆள் அகப்பட்டார். ஈமேக்ஸோடு ஒரு ஆர்க் மோட் ஏற்கெனவே வருகிறது என்று சொன்னேன் இல்லையா? நான் தனியாக இன்னொரு புதுப் பதிப்பும் நிறுவியிருந்தேன். அமைப்புக் கோப்பின் மேல்பகுதியில் இருந்த ஒரு வரி பழையதைத் தொட்டு எழுப்பிவிடுகிறது. கீழே இருக்கும் வரி புதியதை எழுப்புகிறது. பாதி பழசு, பாதி புதுசு. இதைக் கலப்பு நிறுவல் என்பார்கள். மிகப் பரவலான தொல்லை இது. தீர்வு இதுதான்: எந்த ஆர்க் கோப்பையும் திறக்காமல், புதிதாகத் தொடங்கிய ஈமேக்ஸில் புதுப் பதிப்பை நிறுவ வேண்டும். அமைப்புக் கோப்பில் அதன் வரியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோக வேண்டும். இதே புகார் பலரிடமிருந்தும் வந்ததால், 9.6 பதிப்பில் நீட்சியே இந்தக் கலப்பைக் கண்டுபிடித்து எச்சரிக்கும்படி செய்துவிட்டார்கள்.

இரண்டாவது கேள்வி: பழுது என் எதிர்பார்ப்பிலா?

இப்போது அப்பாவின் கணக்குக்கு வருவோம். வெறும் ஈமேக்ஸில் ஒரு தலைப்பு, அதன் கீழே இரண்டு வரி எழுதினேன். டேப் தட்டி மடக்கினேன். தலைப்பின் தொடக்கத்தில் நின்று கன்ட்ரோல் கே அடித்தேன். தலைப்போடு இரண்டு வரியும் போச்சு. ஆக, என் அமைப்பில் தப்பில்லை.

அப்படியென்றால் நீட்சியில் பிழையா? அடுத்து செய்ய வேண்டியது அந்த விசை என்ன செய்யும் என்று ஈமேக்ஸிடமே கேட்பது. கன்ட்ரோல் ஹெச் அடித்து, கே அடித்து, பிறகு சந்தேகமான விசையைத் தட்டினால் அதன் விளக்கம் வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஆவணத்தில் தேடிப் போனேன். மடங்கிய பகுதியைக் கன்ட்ரோல் கேயிலிருந்து காப்பாற்றுவதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. பெயர் "ஆர்க் கன்ட்ரோல் கே ப்ரொடெக்ட் சப்ட்ரீ". நாம் சொல்லாதவரை அது அணைந்தே இருக்கும். அதை இயக்கிவிட்டால், மடங்கிய தலைப்பை அழிக்கப் போகும்போது "உள்ளே இருப்பதையும் சேர்த்து அழிக்கவா?" என்று நிறுத்திக் கேட்கும். ஒரே ஒரு வரி. எழுதி வைத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை.

இந்த வகையில் இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு மூன்று நேயர்கள் கேட்டிருக்கிறார்கள். பழைய பாடங்களில், சிறுகுறி போட்டு எஸ் எழுதி டேப் தட்டினால் நிரல் எழுதும் கட்டம் விரியும் என்று இருக்கும். இப்போது செய்தால் விரியாது. 9.2 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் காமா என்று புது வழி கொடுத்தார்கள். பழைய வழிதான் வேண்டும் என்றால் "ஆர்க் டெம்போ" என்ற துணைத்தொகுப்பை ஏற்றிக்கொள்ளலாம். பதிப்பு மாறிய பிறகு ஒன்று நின்றுபோனால், முதலில் அந்தப் பதிப்பின் மாற்றக் குறிப்பைப் படியுங்கள்.

மூன்றாவது கேள்வி: இது எல்லோருக்குமான பழுதா?

வெறும் ஈமேக்ஸிலும் வருகிறது, ஆவணத்திலும் விளக்கம் இல்லை, அல்லது விளக்கம் இருந்தும் அந்த நடத்தை எல்லோரையும் தொந்தரவு செய்கிறது. அப்போதுதான் எழுத வேண்டும். ஆர்க் மோடின் கையேடே மூன்று கேள்வி கேட்கிறது: சரியாக என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? அதற்குப் பதில் என்ன நடந்தது? இந்த மூன்றும், ஐந்து வரி மாதிரிக் கோப்பும், பதிப்பு எண்ணும் இருந்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிழை அறிக்கை அனுப்புவதற்கென்றே ஆர்க் மோடில் ஒரு கட்டளை உண்டு. அது உங்கள் அமைப்புகளையும் சேர்த்துத் தொகுத்துத் தரும். அனுப்பும் முன் முழுசாகப் படித்துப் பாருங்கள். கோபத்தில் நான் எழுதிய அந்தப் புகாரோடு அப்பாவின் சர்க்கரைக் கோப்பை அப்படியே இணைத்திருந்தேன். அவர் உடம்புக் கணக்கை உலகம் முழுக்கப் படிக்கும்படி அனுப்பியிருப்பேன்.

நல்ல புகார் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். 2020இல் 9.4 பதிப்பு வந்தபோது, தலைப்புக்குக் கீழே என்டர் தட்டினால் வரி தானாக உள்ளே தள்ளி நிற்க ஆரம்பித்தது. பல வருஷமாக இடது ஓரத்திலேயே எழுதிப் பழகியவர்களுக்கு எரிச்சல். காரணம், என்டர் விசை ஈமேக்ஸின் தானியங்கு உள்தள்ளலுக்குக் கட்டுப்படத் தொடங்கியது. அதோடு, தலைப்பின் ஆழத்துக்கேற்ப உரையைத் தள்ளும் ஆர்க் அமைப்பு முன்னிருப்பாகவே இயங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் வினை. அடுத்த ஆண்டு வந்த 9.5இல் அந்த இரண்டாவது அமைப்பை முன்னிருப்பாக அணைத்துவிட்டார்கள். புதிதாக நிறுவுகிறவருக்கு இப்படி ஒரு தொல்லை இருந்ததே தெரியாது.

யோசனை சொல்வது

பழுது ஒன்று, யோசனை வேறொன்று. யோசனை சொல்லும்போது நாம் நேராகத் தீர்வுக்குப் போய்விடுகிறோம்: "இந்த இடத்தில் ஒரு பொத்தான் வையுங்கள்." அதைவிட, எந்த வேலை செய்யும்போது எங்கே தடுக்குகிறது என்று சொல்வதுதான் உதவும்.

தமிழில் எழுதும் எல்லோருக்கும் தெரிந்த தொல்லையையே எடுத்துக்கொள்வோம். ஆர்க் அட்டவணையில் ஆங்கிலம் எழுதினால் கோடுகள் நேராக நிற்கும். தமிழ் எழுதினால் வளைந்து வளைந்து போகும். "தமிழ் சப்போர்ட் இல்லை" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. உண்மையில் நடப்பது இது: அட்டவணை, எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களாக எண்ணி, இடைவெளி போட்டு நேராக்குகிறது. நாம் வைத்திருக்கும் சம அகல எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. ஈமேக்ஸ் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். அதில் "ர" ஒல்லி, "ணௌ" குண்டு. கணக்குக்கும் கண்ணுக்கும் ஒத்துப்போகாது. இப்படிச் சொன்னால் நிரலாளருக்கு எங்கே கை வைக்கணும் என்று தெரியும். இதற்கென்று வீஅலைன் என்ற தனி நீட்சியே இருக்கிறது. திரையில் உண்மையான அகலத்தை அளந்து கோடுகளை நேராகக் காட்டும், கோப்பில் இருக்கும் எழுத்தைத் தொடாது. முயன்று பாருங்கள்.

நிரல் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆவணத்தில் ஒரு வாக்கியம் குழப்பினால், அதைத் திருத்தி அனுப்புவதும் பங்களிப்புதான். பெரிய மாற்றங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடம் பதிப்புரிமைப் பத்திரம் கையெழுத்திட்டுத் தர வேண்டும். சுமார் 15 வரிக்குள் இருக்கும் சின்ன மாற்றத்துக்கு அது தேவையில்லை.

கடைசியாக, என் கோப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோல் கே காப்பு இயங்குகிறது. சர்க்கரைக் கணக்குக்குத் தனிக் கோப்பு, ராத்திரி தூங்கப் போகும் முன் பென்டிரைவில் ஒரு பிரதி. அப்பா இன்னமும் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். இப்போதெல்லாம் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.

"வேலை செய்யல" என்று எழுதிய நண்பர்களே, வெறும் ஈமேக்ஸில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு, அந்த மூன்று கேள்விக்கும் பதிலோடு மறுபடி எழுதுங்கள். அடுத்த எபிசோடில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.