கலவைச் சட்டிக்குள் விழும் போன்

கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். வெயிலுக்கும் சிமெண்ட் தூசிக்கும் அது காப்பு. அந்தச் சட்டையின் மேல்பைதான் இன்று அவர்கள் போனுக்கு இருப்பிடம். சட்டி தூக்கக் குனிந்தால் பை கவிழும், போன் நழுவும், கீழே கலவை இருக்கும். கொத்தனாரின் போன் சாரத்திலிருந்து விழும். நடவு நடுபவர்களின் போன் சேற்றில் விழும்.

"வேலை நேரத்துல போன் எதுக்கு?" என்று அதட்டும் மேஸ்திரிதான் சனிக்கிழமை கூலியை ஜிபேயில் போடுகிறார். நாளைக்கு எந்த இடத்தில் வேலை என்பதும் போனில்தான் வருகிறது. நலவாரியப் பதிவைப் புதுப்பிக்கவும், ஆதாரில் ஒரு திருத்தம் செய்யவும் ஓடிபி வேண்டும். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களிலும் செயலி வழியாகப் படம் எடுத்து வருகை பதிய வேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. பணித்தளப் பொறுப்பாளரின் போன் செத்துப்போனால் வேலைக்கு வந்த அத்தனை பேரின் வருகையும் சிக்கலாகிவிடும். ஆக, கரணையும் மண்வெட்டியும் போலப் போனும் வேலைக்கான சாமான்தான். ஆனால் கரணைக்கு வேலைத்தளத்தில் ஓர் இடம் உண்டு, போனுக்குக் கிடையாது. பாதித் தொல்லை இதிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் உடம்பில் வைத்துக்கொள்வது. மேல்பை வேண்டாம். பேண்டின் பின்பையும் வேண்டாம். உட்கார்ந்து எழும் வேலையில் திரையும் பேட்டரியும் வளையும். லாரி ஓட்டுநர்களும் சுமைதூக்குபவர்களும் வேட்டி, கைலிக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டை விடச் சிறந்த ஏற்பாட்டை எந்தப் போன் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கருத்து. அதன் பை இடுப்பின் பக்கவாட்டில் இருப்பதால் குனிந்தாலும் கவிழாது, பட்டன் போட்டு மூடலாம். பெண்கள் அந்தக் காலத்தில் இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் இன்றைய அகலத் திரைப் போன் நுழையாது. அதே துணியில் சற்றுப் பெரிதாக, நாடாவோடு ஒன்று தைத்துக்கொள்ளலாம். ரவிக்கைக்குள் வைப்பதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். திருடனிடமிருந்து பாதுகாப்புதான், வியர்வையிடமிருந்து அல்ல. வியர்வையில் உப்பு இருக்கிறது. அது சார்ஜ் போடும் துளையில் இறங்கி உள்ளே அரிக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் காற்றே உப்பு. அங்கே துளையை அடைக்கும் ரப்பர் மூடியும் வாய் இறுக மூடும் பிளாஸ்டிக் உறையும் இல்லாமல் போனை வெளியில் எடுக்கவே கூடாது.

உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. ஐந்தாவது மாடிச் சாரத்திலிருந்து நழுவும் போன் கீழே கலவை போடுபவரின் தலையில் இறங்கினால் அது போன் சேதத்தோடு நிற்காது. கயிற்றால் பெல்ட்டோடு கட்டியிருந்தால் மட்டுமே மேலே கொண்டுபோகலாம். அப்படியே கொண்டுபோனாலும் சாரத்தில் நின்று பேசக் கூடாது. ஒரு கை போனில் இருந்தால் பிடிமானத்துக்கு மிச்சம் ஒரு கைதான். டீ நேரத்தில் கூப்பிடும்படி வீட்டில் சொல்லிவைப்பது சின்ன விஷயம், ஆனால் வேலை செய்யும்.

வெயிலும் ஒரு திருடன்தான். பெரும்பாலான போன்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையான சூழலில் இயங்கத்தான் வடிவமைக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் வரப்பில் துண்டுக்கு அடியிலோ, பைக்கின் டேங்க் கவரிலோ கிடக்கும் போன் அதைத் தாண்டிப் போய்விடும். கொதிக்கும் போனைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றுவதும் சார்ஜில் போடுவதும் தவறு. அணைத்துவிட்டு நிழலில் வைத்தால் தானே ஆறும். பின்மூடி உப்பித் தூக்கியிருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். அதை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. தீப்பிடிக்கும். வேலைத்தளத்தில் பிளக் இல்லாமல் வெறும் ஒயர் முனையைத் தீக்குச்சியால் செருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சார்ஜ் போட்டபடி, ஈரக் கையோடு பேசுவதைப் பார்க்காத சைட் இல்லை. போன் போனால் இன்னொன்று வாங்கலாம் என்று மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

தண்ணீரில் விழுந்தால் உடனே அணைக்க வேண்டும். சிம் தட்டை வெளியே எடுத்து, துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் காயவிட வேண்டும். காயும்வரை சார்ஜ் கூடாது. அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியத்தை விட்டுவிடலாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொன்னது. கலவை பட்டால் அது இறுகும் முன் ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும், இறுகிய பிறகு சுரண்டினால் திரையும் சேர்ந்து வரும்.

'ஐபி 68' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்பார்கள். அதில் 6 என்பது தூசி புகாது என்பதைச் சொல்கிறது. அடுத்த இலக்கம் 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம். 8 என்றால் அதற்கும் மேல், தயாரிப்பாளர் சொல்லும் அளவு வரை. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில், புதிய போனில். ஒரு தடவை கீழே விழுந்து விளிம்பு விரிந்த போனுக்கு அந்த எண் பொருந்தாது. விளம்பரத்தில் போன் தண்ணீருக்குள் நீந்தும். உத்தரவாத அட்டையில் தண்ணீர்ச் சேதம் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் சிறு ஒட்டி ஈரம் பட்டால் சிவப்பாக மாறும், சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். அதைக் காட்டி, ஈரத்தோடு தொடர்பே இல்லாத கோளாறுக்கும் கையை விரித்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே மனுப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் இதில் எதுவும் நடக்காது.

இனி, போனைக் கேட்டில் வாங்கி வைக்கும் இடங்கள். பட்டாசு ஆலைக்குள் போனுக்குத் தடை இருப்பது நியாயம், அதில் வாதம் இல்லை. நூற்பாலை, பின்னலாடை கம்பெனி, கிடங்கு என்று பல இடங்களிலும் உள்ளே போன் கூடாது என்ற விதி உண்டு. அப்படி விதி போடும் உரிமை நிர்வாகத்துக்கு இருக்கலாம். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று, போனைக் கையில் வாங்கிக்கொண்ட நொடியிலிருந்து அதைக் காக்கும் பொறுப்பும் வாங்கியவருடையது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆவது பிரிவு இதைப் பொருள் ஒப்படைப்பு என்கிறது. விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனம் வேண்டும் என்கிறது 151ஆவது பிரிவு. "தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை மாட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்ற நினைப்புக்கு உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ஒரு பதில் சொன்னது. டெல்லி தாஜ் மகால் ஓட்டலில் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கு அது. பொருளைக் கையில் வாங்கிய பிறகு தன் ஊழியரின் கவனக்குறைவுக்கு, 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்துத் தப்ப முடியாது என்பது தீர்ப்பின் சாரம். காருக்குப் பொருந்தும் தத்துவம் பத்தாயிரம் ரூபாய்ப் போனுக்கும் பொருந்தும். அதற்கு ஒப்படைத்ததற்கான அத்தாட்சி வேண்டும். டோக்கன் கேளுங்கள். டோக்கன் தர மாட்டேன் என்றால் பதிவேட்டில் பெயரும் போன் மாடலும் எழுதச் சொல்லுங்கள். நூறு பேர் சேர்ந்து கேட்டால் கேட்டருகே பூட்டுள்ள ஒரு இரும்பு அலமாரி வந்துவிடும். அதன் விலை நிர்வாகத்துக்குப் பெரிதில்லை.

போன் பேசியதற்காகக் கூலியைப் பிடிப்பதும் நடக்கிறது. 1936 ஊதியம் வழங்கல் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் ஒரே வரம்பைத்தான் வைக்கின்றன. அரசு ஒப்புதலோடு முன்கூட்டி அறிவித்த தவறுகளுக்கு மட்டுமே அபராதம், விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே அபராதம், அதுவும் அந்தக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது. 800 ரூபாயை நாள்கூலியாகக் கொடுத்தால் 24 ரூபாய். அரை நாள் கூலியை வெட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு, சூளையிலோ ஆலை விடுதியிலோ வெளியே யாரிடமும் பேச முடியாதபடி போனைப் பிடுங்கி வைத்து, போகவும் விடாமல் தடுத்தால் அது வேறு கதை. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ புகார் தரலாம்.

திருட்டுக்கு வருவோம். வேலைத்தளத்தில் போன் தொலைவது அநேகமாக உடம்பில் இருக்கும்போது அல்ல. சட்டையோடு கழற்றி ஆணியில் மாட்டும்போது, டிபன் பையில் போட்டு மூலையில் வைக்கும்போது. போனின் விலையை விட அதோடு சேர்ந்து போவதுதான் பெரிய நட்டம். போன் உறையின் பின்பக்க மடிப்பில் ஏடிஎம் கார்டு, ஆதார் நகல், சில சமயம் பின் எண் எழுதிய துண்டுச் சீட்டு. ஏடிஎம் கார்டின் கடைசி 6 இலக்கங்களும் காலாவதித் தேதியும், அல்லது ஆதாரின் முதல் 6 இலக்கங்களும், கூடவே உங்கள் சிம்முக்கு வரும் ஓடிபியும் இருந்தால் புதிதாக ஒரு யுபிஐ பின் எண் போட்டுவிடலாம். மூன்றையும் ஒரே உறையில் திருடனுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாம். கார்டு வீட்டில் இருக்கட்டும். ஆதார் படத்தைக் கேலரியிலிருந்து நீக்கிவிடலாம். திரைக்குப் பூட்டு போட்டிருந்தாலும் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி வரும் என்பதால், அமைப்புகளில் சிம்முக்கும் தனிப் பூட்டு போட வேண்டும். சிம் கம்பெனி கொடுத்திருக்கும் பூட்டு எண்ணைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் முடங்கும். யுபிஐ லைட்டில் இருக்கும் பணம் பின் எண் இல்லாமலே போகும். அதில் சில நூறு ரூபாய்க்கு மேல் வைக்க வேண்டாம். கூலி விழும் கணக்கு ஒன்று, யுபிஐயில் இணைத்த செலவுக் கணக்கு இன்னொன்று என்று பிரித்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள்.

இன்றிரவே *#06# அழுத்திப் பாருங்கள். வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்) ஒரு தாளில் எழுதி, அதிலேயே வங்கியின் உதவி எண்ணையும் எழுதி வீட்டில் வையுங்கள். வங்கி எண் கார்டின் பின்புறம் இருக்கிறது என்பார்கள், ஆனால் கார்டும் அந்த உறையோடு போயிருக்கும்.

போன் தொலைந்தால் இன்னொருவர் போனிலிருந்து முதல் அழைப்பு வங்கிக்கு, யுபிஐயையும் கார்டையும் முடக்க. பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930. அடுத்து சிம்மை முடக்கி அதே எண்ணில் மாற்று சிம். புது சிம் போட்ட முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. இது மோசடியைத் தடுக்க வைத்த விதி, பதற வேண்டாம். வங்கியிடம் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம் என்பதற்கு ஒரு காசுக் கணக்கு இருக்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு வழியில் பணம் போய், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நட்டமே இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஜன் தன் போன்ற அடிப்படைக் கணக்குக்கு 5,000 ரூபாய் வரையும் சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரையும்தான் உங்கள் பொறுப்பு. பின் எண்ணை எழுதிவைத்தது போன்ற கவனக்குறைவு இருந்தால், சொல்லும்வரை போனது உங்கள் கணக்கில், சொன்ன பிறகு போவது வங்கியின் கணக்கில். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். புகார் எண் வாங்காமல் கிளையிலிருந்து வெளியே வராதீர்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். விவரம் கேட்க 14448.

காவல் நிலையத்தில் பெரும்பாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதுதான் தருவார்கள். தொலைந்துபோன போனுக்கு அது போதும். திருட்டு என்று தெரிந்தால் எஃப்ஐஆர் கேட்கலாம், அதன் நகல் இலவசம். புதிய குற்றவியல் சட்டங்களில் ஒரு சிக்கல் உண்டு. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு, போலீஸ் தாமாகவே வழக்குப் பதிய வேண்டிய குற்றமாகாது. பழைய போன் வைத்திருக்கும் கூலியாட்களைத்தான் இது அடிக்கும். ஆனால் பைக்கில் வந்து பறித்துக்கொண்டு ஓடினால் அது பாரதிய நியாய சன்ஹிதா 304ஆவது பிரிவு, அதற்கு விலை வரம்பு இல்லை. நடந்தது பறிப்பு என்றால் புகாரில் "காணவில்லை" என்று எழுதவிடாதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம்.

ரசீது கையில் வந்ததும் ஒன்றிய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். பிறகு எந்த சிம் போட்டாலும் நாட்டில் எங்கேயும் அது வேலை செய்யாது, யாராவது சிம் போட முயன்றால் தகவல் போலீசுக்குப் போகும். மாவட்ட எஸ்.பி. அலுவலகங்களில் மீட்ட போன்களை வரிசையாக அடுக்கிவைத்து உரியவர்களிடம் கொடுக்கும் படங்கள் செய்தித்தாளில் வருகின்றனவே, அவற்றில் பல இப்படிக் கிடைத்தவை. பழைய போன் வாங்குபவர்களும் இதே தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். முடக்கிய போன் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். தொலைந்தது திரும்பக் கிடைத்தால், முடக்கியதை அதே தளத்தில் நீங்களே நீக்க வேண்டும். அதை மறந்துவிட்டு, நல்ல போனைச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு.