கூலியை அளக்கும் கோல் யாது?

வேலை கடினமாயின் கூலி மிகும் என்பர். மலாயா ரப்பர்த் தோட்ட வரலாறு வேறு கூறுகின்றது. இரண்டாம் உலகப் போருக்கு முன், பால்மரம் சீவிய சீனர் பொதுவாகத் தமிழரினும் கூடுதலான கூலி பெற்றனர். வேலை ஒன்றே; கூலி ஏன் வேறாயிற்று?

சீனர் பெரும்பாலும் குத்தகைக்காரர்வழி, எடுத்த பாலின் அளவுக்குக் கூலி பெற்றனர். கட்டுப்படியாகாவிடின் ஈயச் சுரங்கத்திற்கோ காய்கறிப் பயிருக்கோ மாறினர். தமிழர்க்கோ லயமும் கடையும் பிள்ளைகளின் பள்ளியும் தோட்டத்துள்ளேயே இருந்தன. வேலையை விடுவோர் வீட்டையும் விடவேண்டும்! இந்நிலையில் வேலையைத் தேர்ந்தெடுத்தல் என்பது பெயரளவே.

அவர்தம் நாட்கூலியை 1920களில் அரசு வகுத்தபோது, எடுத்த பாலை நோக்கவில்லை. அரிசி, உடை முதலிய வாழ்க்கைச் செலவையே கணக்கிட்டது. முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரமோ, சீவுபவர் ஆணா பெண்ணா என்று பார்த்துப் பால் தருவதில்லை.

கூலி போதாதென்று முணுமுணுத்தால் கப்பலில் புதிய ஆள் வருவர் என்ற நிலை 1938இல் மாறிற்று. இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்தது. ஆள் வரத்து அருகியது. இருந்தோரின் குரலுக்கு வலுவேறியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர், சீனர்க்கு நிகரான கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். கூலி சிறிது உயர்ந்தது, பின்னர்ப் படை வந்தது, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.